பௌரிங்பேட்டை எங்கே?

"பௌரிங்பேட்டை தாலுகாவா? அப்படி ஒரு தாலுகாவே கிடையாதே அம்மா!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்தப் பெண் காகிதத்தை வாங்கினாள். நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள். பெங்களூரில் நான்கு வீடுகளில் வேலை செய்பவள் அவள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றாள். வேலை முடியவில்லை.

அது என்ன காகிதம்? அவளுடைய மாமனாரின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவருக்குக் கம்பெனி கொடுத்த சீட்டு அது. ஆங்கிலத்தில் இருந்தது. ஆண்டு 1946. கீழே ஊர்ப் பெயர் இருந்தது: ஊரிகம் மைன், பௌரிங்பேட்டை தாலுகா, மைசூர்.

இத்தனை பழைய சீட்டு இப்போது எதற்கு? அவளுடைய மகள் கல்லூரியில் சேர வேண்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அட்டவணைச் சாதியினர் யார் யார் என்று சொல்லும் அரசு ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அந்த நாளில் உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் குடியிருந்தது? அதிகாரிகள் இதைக் கேட்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இது பெரிய கேள்வி. அன்றைக்கே இங்கே இருந்தோம் என்று காட்ட ஏதாவது எழுத்து வேண்டும். அவளிடம் எழுத்து இருக்கிறது. ஆனால் அதில் உள்ள ஊர் இல்லை என்கிறார்கள்!

அன்று இரவு அவள் வகுப்புக்குப் போனாள். அந்தப் பகுதியில் நடக்கும் கல்வி மையத்தில் அவள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவள். இப்போது கன்னடமும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சீட்டை ஆசிரியையிடம் காட்டினாள்.

ஆசிரியை படித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பௌரிங் ஆஸ்பத்திரி உனக்குத் தெரியுமா?"

"தெரியாமல் என்ன டீச்சர்? சிவாஜிநகரில் இருக்கிறதே. என் மகள் அங்கேதான் பிறந்தாள்."

"அந்த பௌரிங்தான் இந்த பௌரிங். லூயின் பௌரிங் என்று ஒரு வெள்ளைக்காரர். 1862 முதல் 1870 வரை மைசூர் ராஜ்யத்தை நிர்வாகம் செய்த கமிஷனர். அவர் பெயரில் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி. அவர் பெயரில் ஓர் ஊரும் இருந்தது. அந்த ஊருக்கு இன்று என்ன பெயர் என்று உன் மாமனாரைக் கேள். அவருக்குத் தெரியும்."

மாமனாருக்குத் தெரிந்திருந்தது.

"பங்காருப்பேட்டை அம்மா! அதுதான் பௌரிங்பேட்டை. எங்கள் அப்பா கடைசி வரைக்கும் பௌரிங்பேட்டை என்றுதான் சொல்வார்."

ரயிலில் ஒரு பாடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயில் ஏறினார்கள். பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில். தங்கவயல் பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். வார நாட்களில் இந்த ரயிலில் நிற்க இடம் இருக்காது. தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். விடியும் முன் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு சேர்கிறார்கள்.

பங்காருப்பேட்டை வந்தது. அவள் பெயர்ப் பலகையைக் கன்னடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பங்-கா-ர-பே-டெ. பங்காரம் என்றால் தங்கம். கன்னடத்திலும் அதுதான், தெலுங்கிலும் அதுதான். பௌரிங் என்ற பெயரையும் பங்காரம் என்ற சொல்லையும் வாயால் சொல்லிப் பாருங்கள். ஓசை பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. தங்கத்துக்குப் பெயர் போன வட்டாரம் வேறு. புதுப் பெயர் எளிதாக ஒட்டிக்கொண்டது.

பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைக்கும் ரயில் பாதை 1864-இல் வந்தது. அதன் பிறகுதான் பௌரிங்பேட்டை வளர்ந்தது. அதற்கு முன் இந்தத் தாலுகாவுக்குத் தலைமையிடம் பேத்தமங்கலம். பாலாற்றின் கரையில் உள்ள ஊர். அந்தப் பேத்தமங்கலத்துக்கும் ஒரு பழைய பெயர் உண்டு: விஜயாதித்தமங்கலம். அந்தப் பெயர் ஓர் அரசனுடையது. அதைச் சொல்ல இன்று ஆள் இல்லை. கல்வெட்டில்தான் இருக்கிறது. பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீரைத்தான் பிற்காலத்தில் தங்கவயல் மக்கள் குடித்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தங்கவயல் முன்பு பங்காருப்பேட்டைத் தாலுகாவில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தங்கவயல் தனித் தாலுகா ஆகிவிட்டது. ஆக, அந்தச் சீட்டில் உள்ள அதே இடம் முதலில் பௌரிங்பேட்டைத் தாலுகா. பிறகு பங்காருப்பேட்டைத் தாலுகா. இப்போது தங்கவயல் தாலுகா. இடம் ஓர் அடி கூட நகரவில்லை. பெயர்தான் இரண்டு முறை மாறியது. ஜன்னலில் இருந்த இளைஞரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பங்காருப்பேட்டையில் பாதை பிரிகிறது. பிரதானப் பாதையை விட்டு ரயில் தெற்கே திரும்புகிறது. சுரங்கத்துக்காகவே 1894-இல் போட்ட பாதை இது. மொத்தம் 16 கிலோமீட்டர்தான். ஆனால் வரும் நிலையங்களின் பெயர்களைப் பாருங்கள். பெமல் நகர், கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம். பெமல் என்பது மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைச் செய்யும் அரசுத் தொழிற்சாலை. 1964-இல் தொடங்கிய நிறுவனம். அதனால் அது புதிய பெயர். மற்றவை பழையவை.

கோரமண்டல் என்பது என்ன மொழி?

"கோரமண்டல் என்பது இங்கிலீஷ் பேர்தானே மாமா?" என்று அவள் கேட்டாள்.

"நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் அவர்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அது தமிழ்ச் சொல். சோழமண்டலம்! சோழர்கள் ஆண்ட கிழக்குக் கடற்கரைக்குச் சோழமண்டலக் கரை என்று பெயர். கப்பலில் வந்த ஐரோப்பியர்களுக்கு 'ழ' சொல்ல வரவில்லை. நம்மிலேயே பலருக்கு வருவதில்லை, அவர்களை ஏன் சொல்ல வேண்டும்? சோழமண்டலம் கோரமண்டல் ஆனது.

அந்தச் சிதைந்த பெயர் உலகம் முழுவதும் சுற்றியது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு கோரமண்டல் என்று பெயர். அந்தக் கப்பல் 1820-இல் மரம் வாங்க நியூஸிலாந்துக்குப் போனது. அது நின்ற இடத்துக்கும் கோரமண்டல் என்றே பெயர் வந்தது. அங்கே 1852-இல் தங்கம் கண்டுபிடித்தார்கள். கோலார் தங்கவயலிலும் ஒரு சுரங்கக் கம்பெனி கோரமண்டல் என்று பெயர் வைத்துக்கொண்டது. கம்பெனி போய்விட்டது. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் நிற்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்த மண்ணே ஒரு காலத்தில் சோழமண்டலம்தான். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர்கள் கோலார்ப் பகுதியைப் பிடித்தார்கள். அதற்கு நிகரிலிச் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். நிகரிலி என்றால் நிகர் இல்லாதவன். கோலாருக்கு அப்போது குவளாலம் என்று பெயர். கோலாரில் கோலாரம்மா கோயில் இருக்கிறது. அங்கே சோழர்களின் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். சோழன் வைத்த பெயர் மறைந்தது. வெள்ளைக்காரன் அறியாமல் அதே பெயரை உடைத்துக் கொண்டு வந்து ஒட்டினான்!

ஊரிகமும் லவெல் ரோடும்

அடுத்தது ஊர்காம். மாமனார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"உன் சீட்டில் இருக்கும் ஊரிகம் இதுதான் அம்மா."

"இங்கே ஊர்காம் என்று எழுதியிருக்கிறதே?"

"ரயில்காரன் எழுதினது ஒரு மாதிரி. கம்பெனிக்காரன் எழுதினது ஒரு மாதிரி. நாங்கள் பேசுவது ஒரு மாதிரி. ஊர் ஒன்றுதான்."

அவர் சொன்னது சரி. லண்டனில் பதிவான கம்பெனியின் பெயர்ப் பலகையில் இந்த ஊர்ப் பெயர் ஓர் எழுத்துக் கூட்டலில் இருந்தது. ரயில் பலகையில் வேறு எழுத்துக் கூட்டல். இப்படிப்பட்ட வேறுபாட்டால்தான் பல மனுக்கள் திரும்பி வருகின்றன.

ஊரிகமும் மாரிக்குப்பமும் சுரங்கத்துக்கு முன்பே இருந்த கிராமங்கள். 1802-இல் வாரன் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் எல்லையை அளக்க வந்தார். மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று அவர் காதில் விழுந்தது. தங்கம் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண் முன்னே அலசினார்கள். தங்கப் பொடி தெரிந்தது. ஆக, தங்கத்தைக் கண்டுபிடித்தது யார்? புத்தகங்களில் வாரன் பெயர் இருக்கிறது. மண் அலசிக் காட்டியவர்களின் பெயர் இல்லை.

பிறகு 1870-களில் மைக்கேல் லவெல் என்பவர் வந்தார். அயர்லாந்துக்காரர். நியூஸிலாந்தில் போரிட்ட சிப்பாய். ஓய்வு பெற்று பெங்களூர் கண்டோன்மென்டில் இருந்தார். ஊரிகத்தில் தோண்டுவதற்கு மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவரிடம் போதிய பணம் இல்லை. உரிமத்தை மற்றவர்களுக்குக் கைமாற்றிவிட்டார். 1880-இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் பெரிய அளவில் சுரங்கம் நடந்தது.

பெங்களூரில் லவெல் ரோடு இருக்கிறது அல்லவா? அது இவர் பெயர்தான். அந்த ரோட்டில் அவர் பெரிய மாளிகை கட்டினார். அதற்கு ஊரிகம் பங்களா என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்.

இதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். அவள் வேலை செய்யும் நான்கு வீடுகளில் ஒன்று லவெல் ரோட்டில் இருக்கிறது. மாமனார் வேலை செய்த ஊருக்கும், அவள் தினம் நடக்கும் தெருவுக்கும் இப்படி ஓர் உறவு!

கம்பெனி வைத்த பெயர்கள்

அடுத்தது சாம்பியன். மாமனார் 30 ஆண்டுகள் வேலை செய்த சுரங்கம் இதுதான். சாம்பியன் ரீஃப் என்பது முழுப் பெயர்.

சாம்பியன் என்றால் பந்தயத்தில் ஜெயித்தவர் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற இடம். தகரம், செம்பு எடுப்பதில் பெயர் பெற்ற சுரங்கக்காரர்கள் அங்கே இருந்தார்கள். பூமிக்குள் உலோகம் உள்ள கல், நரம்பு போல ஓடும். பல நரம்புகள் இருந்தால், எல்லாவற்றிலும் பெரியதை, வளமானதை அவர்கள் சாம்பியன் என்பார்கள். அந்த ஊர் ஆட்கள் இங்கே மேஸ்திரிகளாகவும் அதிகாரிகளாகவும் வந்தார்கள். தங்கள் தொழில் சொல்லையும் கூடவே கொண்டுவந்தார்கள். ரீஃப் என்பதும் தங்கம் ஓடும் கல் நரம்புதான். எனவே சாம்பியன் ரீஃப் என்றால் தலையாய தங்க நரம்பு. அதன் மேலே குடியிருந்தவர்களுக்கு அது ஊர்ப் பெயர் ஆகிவிட்டது.

இன்னொரு சுரங்கத்துக்கு நந்திதுர்க் மைன் என்று பெயர். நந்திமலைக்குப் பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் போயிருப்பார்கள். அந்த மலை எங்கே, இந்தச் சுரங்கம் எங்கே! மலை பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. கம்பெனி பங்கு விற்க வேண்டும். லண்டனில் பணம் போடுபவர்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் வேண்டும். எனக்குத் தோன்றும் காரணம் அதுதான். மைசூர் மைன் என்ற பெயரும் அந்த மாதிரிதான். மைசூர் நகரம் இங்கிருந்து வெகு தூரம். ராஜ்யத்தின் பெயரைச் சுரங்கத்துக்கு வைத்தார்கள். 1973-இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது. சுரங்கம் மைசூர் மைனாகவே இருந்தது. அவ்வளவு ஏன்? கோலார் தங்கவயல் என்கிறோம். கோலார் நகரம் தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது!

ராபர்ட்சன்பேட்டை என்பது தங்கவயலின் கடைத்தெரு உள்ள நகரம். மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரில் வந்தது. ஆண்டர்சன்பேட்டையும் பக்கத்தில் உண்டு. இந்தப் பேட்டைகள் இன்றும் அதே பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் டேங்க் பிளாக், ரோடு பிளாக், நைன் ரீஃப்ஸ், பாலகாட் என்று வேறு பல கம்பெனிகளும் இங்கே இருந்தன. சில நஷ்டப்பட்டு மூடின. சில பெரிய கம்பெனியோடு சேர்ந்தன. அந்தப் பெயர்களில் சில லைன் வீடுகளில் ஒட்டிக்கொண்டு பிழைத்தன. சில அடியோடு போய்விட்டன.

கீழே இருந்த ஊர்

ரயிலை விட்டு இறங்கி இருவரும் நடந்தார்கள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய மேடுகள் தெரிந்தன. அவை இயற்கை மலைகள் அல்ல. கல்லை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண். நூறு ஆண்டுகளுக்கு மேல் கொட்டிய மண். காற்று அடித்தால் கண்ணில் விழும். அதனால் நடந்தவர்கள் முந்தானையாலும் துண்டாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

இரும்புத் தூண்கள் கொண்ட ஒரு கோபுரத்தின் அருகே மாமனார் நின்றார். மேலே பெரிய சக்கரம். சக்கரம் சுற்றவில்லை. கீழே குழியின் வாய் மூடிக் கிடந்தது.

"இதுதான் ஷாஃப்ட். இந்தச் சக்கரத்தில் கம்பி ஓடும். கம்பியில் கேஜ் தொங்கும். அதில் நின்று கீழே போவோம்."

ஷாஃப்ட் என்பது பூமிக்குள் நேராக இறங்கும் குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கிஃபர்டு ஷாஃப்ட், ஹீத்கோட் ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட், ஹென்றி ஷாஃப்ட். எல்லாம் வெள்ளைக்காரர் பெயர்கள். தோண்டியவர்களோ வட ஆற்காட்டிலிருந்தும், சித்தூரிலிருந்தும், சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலோர் நிலம் இல்லாத தலித் மக்கள். ஊரில் அடிமை போல உழைத்ததை விட்டு, கூலி பணமாகக் கிடைக்கும் என்று வந்தார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வேலை செய்தார்கள். மூங்கில் தட்டி வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரு ஷாஃப்டுக்குக் கூட அவர்களில் ஒருவர் பெயர் இல்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். 1965-இல் ஹீத்கோட் ஷாஃப்டின் ஆழத்தில் விஞ்ஞானிகள் கருவி வைத்து, நியூட்ரினோ என்ற கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளைக் கண்டார்கள். இதனால் அந்த ஒரு ஷாஃப்டின் பெயராவது அறிவியல் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

"கீழேயும் ஊர் மாதிரிதான் அம்மா" என்றார் மாமனார். "தெருத் தெருவாகப் போகும். லெவல் லெவலாக நம்பர் போட்டிருப்பான். ஆனால் நாங்கள் நம்பர் சொல்ல மாட்டோம். தண்ணி சொட்டுகிற இடத்துக்கு ஒரு பேர். கஞ்சி குடிக்க உட்கார்கிற மூலைக்கு ஒரு பேர். ஒருவன் செத்துப் போன இடத்துக்கு அவன் பேர்."

அவள் சட்டென்று நின்றாள். "அந்தப் பேரெல்லாம் எங்கேயாவது எழுதி இருக்கிறதா மாமா?"

"யார் எழுதினார்கள்? எங்களில் எழுதத் தெரிந்தவன் கொஞ்சம். எழுதத் தெரிந்த ஆபீசுக்காரன் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தானா?"

1956-இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் மாறியது. 2001 பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். எடுத்தது போக மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் செலவு, தங்கத்தின் விலையை விட அதிகம் ஆகிவிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. மாமனாரும் அவர்களில் ஒருவர். பம்பு நின்றதும் கீழே தண்ணீர் ஏறியது. அவர் சொன்ன அந்தத் தெருக்கள் எல்லாம் இப்போது தண்ணீருக்குள்.

தாங்களே அச்சடித்த பெயர்

ஆனால் தங்கவயல் தொழிலாளர் எல்லோரும் எழுத்து அறியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே படிப்பின் மீது பெரிய ஆசை இருந்தது. சாதிக் கொடுமையை எதிர்த்து, பௌத்தத்தைப் பரப்பியவர் அயோத்திதாச பண்டிதர். 1914-இல் மறைந்தார். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒன்றை நடத்தினார்கள். பண்டிதரின் நூல்களை அங்கிருந்து வெளியிட்டார்கள். அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை நின்றுபோன பிறகு, 1926-இல் தங்கவயலிலிருந்துதான் மறுபடியும் வந்தது. அந்தப் புத்தகங்களில் ஊர்ப் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிறது: சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல். கார்ன்வால் சுரங்கக்காரன் வைத்த பெயரைத் தொழிலாளிகள் தங்கள் எழுத்தில் அச்சடித்துத் தங்கள் பெயராக ஆக்கிக்கொண்டார்கள்.

வேறு நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றையும் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் மேற்கே, தண்ணீர் இல்லாத காட்டில், 1893-இல் ஹானன் என்பவர் தங்கம் கண்டார். அந்த இடத்துக்கு ஹானன்ஸ் என்று பெயர் வந்தது. பிறகு அதைக் கல்கூர்லி என்றார்கள். கல்கூர்லி என்பது அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் சொன்ன பெயரிலிருந்து வந்தது. அங்கே விளையும் ஒரு காயின் பெயர் அது. அங்கே தங்கம் கண்டவன் பெயர் போய், மண்ணின் பெயர் நின்றது. நம் தங்கவயலில் ஊரிகமும் மாரிக்குப்பமும் நின்றன. மற்ற பல இடங்களில் கம்பெனிப் பெயரே நின்றுவிட்டது.

சீட்டு என்ன ஆனது?

பெங்களூர் திரும்பியதும் ஆசிரியை ஒரு வழி சொன்னார். மைசூர் கெஜட்டியர் என்ற பழைய அரசு நூல் உண்டு. ஒவ்வொரு தாலுகாவையும் பற்றி அதில் எழுதியிருக்கிறார்கள். பௌரிங்பேட்டை அதில் இருக்கிறது. கப்பன் பூங்காவில் உள்ள மாநில மைய நூலகத்துக்கு இருவரும் போனார்கள். அந்தப் பக்கத்தை நகல் எடுத்தார்கள். பிறகு அவளே கையால் மனு எழுதினாள். இரண்டு முறை கிழித்துவிட்டு மூன்றாவது முறை எழுதியது இது:

"ஐயா, இத்துடன் உள்ள 1946-ஆம் ஆண்டுச் சீட்டில் பௌரிங்பேட்டைத் தாலுகா என்று இருக்கிறது. அதுவே பின்னர் பங்காருப்பேட்டைத் தாலுகா ஆனது. ஊரிகம் மைன் இப்போது தங்கவயல் தாலுகாவில் உள்ளது. பழைய அரசு நூலின் நகலை இணைத்திருக்கிறேன். சரி பார்த்துச் சான்றிதழ் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஆசிரியை அதைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார். ஜன்னலில் அதே இளைஞர். இந்த முறை அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "இது எனக்குத் தெரியாது அம்மா. மேலே அனுப்புகிறேன்" என்றார். மனு பெற்றதற்குச் சீட்டு கொடுத்தார். விசாரணை இன்னும் முடியவில்லை. சீட்டை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அதோடு அவள் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கியிருக்கிறாள். இரவில் மாமனார் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பழைய பெயர். வலது பக்கம் அந்த இடம் இப்போது என்ன. சில பெயர்களுக்கு வலது பக்கம் காலியாக இருக்கிறது. சில பெயர்களுக்கு நேரே "தண்ணீருக்குள்" என்று எழுதியிருக்கிறாள்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் அல்லது தெருவில் வயதில் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு முன்பு என்ன பெயர்? அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவர் சொல்கிறார்? சிவாஜிநகருக்கு பிளாக்பள்ளி என்ற பெயர் இருந்தது. பிரேசர் டவுனுக்கு அரசாங்கம் வைத்த பெயர் புலிகேசி நகர். உங்கள் பகுதிக்கு? ஒரு தாளில் நடுவே கோடு போட்டு எழுதுங்கள்.

பிறகு வீட்டில் உள்ள காகிதங்களை எடுத்துப் பாருங்கள். ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? எங்கே வேறுபடுகிறது? அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு எடுத்து வாருங்கள்.